பட்டறிவு திரையிலேயே கிடைக்கட்டும்!

நாட்காட்டிப் படங்களில் பனி மூடிய கூரைகளைக் கண்டு, “ஆகா, என்ன அழகு!” என்று வியக்கிறோம். அந்த அழகினுள் ஆபத்து மறைந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஜப்பான் நாட்டின் நீகாட்டா, அகிதா, யாமகாதா பகுதிகளில் குளிர்காலத்தில் பனி மலையெனக் குவிகிறது. படிந்து இறுகிய பனி, கன மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. 50 சதுர மீட்டர்க் கூரையில் அது ஒரு மீட்டர் உயரம் நின்றால், வீட்டின் தலைமேல் 15 டன் சுமை! எனவே மக்கள் கூரைமேல் ஏறிப் பனியை வெட்டித் தள்ளுகின்றனர். 2005 டிசம்பர் முதல் 2006 மார்ச் வரை பெய்த கடும் பனியில் அந்நாட்டில் 152 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பனி அகற்றும் வேளையில் இறந்தவர்கள், முதியோரே மிகுதி. பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட, வயது முதிர்ந்த பெற்றோர் தனியே ஏணியில் ஏறுகின்றனர்.

“கயிறு கட்டுங்கள், தலைக்கவசம் அணியுங்கள், தனியே ஏறாதீர்கள்” என்று சொல்லாதவர் இல்லை. ஆனால், “ஐம்பது ஆண்டாக ஏறுகிறேன், எனக்கா தெரியாது?” என்பவருக்கு அறிவுரை எங்ஙனம் ஏறும்? பட்டால்தான் தெரியும் என்பார்கள். கூரையிலிருந்து விழுந்தபின் தெரிந்துகொள்ள ஆள் இருக்க வேண்டுமே!

இங்கேதான் கணினி கைகொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 1929இல் எட்வின் லிங்க் அமைத்த பயிற்சிப் பொறியில், விமானிகள் தரையில் அமர்ந்தே பறக்கப் பழகினர். அதுபோலத் திரையில் ஒரு பனிக்கூரையை அமைக்கலாம். ஏணியை எங்கே சாத்துவது, கயிறு கட்டுவதா வேண்டாமா என்பதைப் பயில்பவரே முடிவு செய்யட்டும். வெயில் ஏறினால் அடிப்பனி உருகி, மேற்பனி மொத்தமாகச் சரிவதைப் பார்க்கட்டும். தவறினால் விழட்டும், எழுந்து மீண்டும் ஏறட்டும்! விழாமல் காக்கும் விளையாட்டால் பயனில்லை.

“முதியோருக்குக் கணினி தெரியாதே” என்பர் சிலர். பேரப் பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்? அருகில் அமர்ந்து சொல்லித் தரட்டும். தாத்தா திரையில் விழுவதை ஒருமுறை பார்த்த பேத்தி, அவரைத் தனியே ஏற விடுவாளா?

திரையில் குளிரும் வழுக்கலும் இல்லை என்பது மெய்தான். ஆகவே உண்மைக் கயிற்றைக் கட்டவும் பழக வேண்டும். ஆனால் கயிறு வேண்டும் என்ற எண்ணம் முதலில் மனத்தில் பிறக்க வேண்டுமல்லவா?

தோழியரே, வெள்ளம் வருமுன் அணை கோலுவது அறிவுடைமை. பனி பெய்யுமுன் பாடம் கற்பதும் அதுவே!