இலக்கமில்லாத மணிக்கூடும் எங்கட மாமாமாரும்

எங்கட சனத்தின்ர கலியாண மண்டபத்துக்குள்ள கால் வைத்ததும் மூன்று விசயம் பார்ப்பார்கள். என்ன காரில் வந்தாய், என்ன படிக்கிறாய், கையில் என்ன மணிக்கூடு. மூன்றுக்கும் ஒரே அளவுகோல்: பெயர். மணிக்கூட்டில் அந்தக் கிரீடம் தெரிந்தால் போதும், அது எப்படி ஓடுது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். படிப்பும் அப்படித்தான். "யூனிக்குப் போறார்" என்றால் சரி. அங்கே போய் என்ன செய்கிறார், அது அவருக்குப் பிடிச்சிருக்கா, அதெல்லாம் பிறகு.

உலகத்துக்கே மணிக்கூடு செய்து கொடுக்கிற சுவிசில் இருந்துகொண்டு இப்படி இருக்கிறோம் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

லுட்சேர்னில் சுவானன்பிளாட்ஸைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும், சனம் இறங்கி நேரே பெரிய மணிக்கூட்டுக் கடைகளுக்குள் போகும். அதே நகரத்தில் 2006இல் தொடங்கிய 'ஒக்ஸ் உண்ட் யூனியர்' என்ற சின்ன நிறுவனத்தை எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தற்செயலாகத்தான் தெரியவந்தது. பிறகு இரண்டு கிழமையாக வேறொன்றும் வாசிக்கவில்லை.

அவர்களுடைய வருட நாட்காட்டி மணிக்கூட்டைப் பாருங்கள். முகத்தில் திகதி இலக்கம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக 31 சின்னத் துளைகள். பின்னால் ஒரு தட்டு சுற்றும். எந்தத் துளையில் நிறப்புள்ளி தெரியுதோ அதுதான் இன்றைய திகதி. மாதமும் அப்படியே புள்ளியால். எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 31 என்று அந்த மணிக்கூட்டுக்கே தெரியும். வருடத்துக்கு ஒருக்கா, பெப்ரவரி முடியும்போது மட்டும் கையால் திருத்திவிட வேண்டும். இந்த வேலைக்கு மற்றவர்கள் டசின் கணக்கில் நெம்புகளும் பல்லுச்சில்லுகளும் கூடுதலாகப் போடுவது வழக்கம். இதைச் செய்தவர் போட்டது 3 பாகம். சந்திரனின் வளர்பிறை தேய்பிறை காட்டும் இன்னொன்றுக்கு 5. அது ஒரு நாள் பிசக 3,000 வருடத்துக்கு மேல் ஆகும். கூட்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்த கோடுகளைக்கூட பளபளவென்று மினுக்கி அழிக்காமல் அப்படியே விட்டிருப்பார்கள். கலியாண வீட்டில் இதைக் கட்டிக்கொண்டு போனால், "என்ன தம்பி, காசு காணாமல் போட்டுதோ?" என்று கேட்பார்கள். (விலை பல ஆயிரம் பிராங்க். எனக்கும் எட்டாது.)

செய்தவர் பெயர் லுட்விக் எக்ஸ்லின். அவருடைய கதையை எங்கட பெற்றோருக்கு ஒருக்கால் வாசித்துக் காட்ட வேண்டும். பாசலில் தொல்லியல், பழைய வரலாறு, கிரேக்கம், லத்தீன் படித்த ஆள். படித்து முடித்துவிட்டு லுட்சேர்னில் ஒரு மணிக்கூட்டுப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆம், யூனிக்குப் பிறகு லேரே! வத்திக்கானில் இருந்த 18ஆம் நூற்றாண்டு வானியல் மணிக்கூடு ஒன்றைக் கழற்றித் திருத்த வருடக்கணக்கில் மினக்கெட்டார். அதற்குப் பிறகுதான் பேர்ணில் கலாநிதிப் பட்டம். 2001இல் யுலிஸ் நார்டன் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய 'ஃப்ரீக்' என்ற மணிக்கூட்டில் சாவி கொடுக்கிற குமிழும் இல்லை, வழமையான முள்ளும் இல்லை. உள்ளே இருக்கிற இயந்திரமே சுற்றிச் சுற்றி நேரம் காட்டும். அதே வருடம் லா ஷோ-து-ஃபோனில் உள்ள சர்வதேச மணிக்கூட்டு நூதனசாலைக்கு அவர் இயக்குநரும் ஆனார்.

இந்த மனிதரைப் படிச்சவர் என்பீர்களா, கைவேலைக்காரர் என்பீர்களா? எங்கட சனத்தின் கணக்கில் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். "லேரேக்குப் போறது படிப்பு ஓடாத பிள்ளையள்" என்ற வசனத்தை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். கோவில் மண்டபத்தில், பிறந்தநாள் வீட்டில், ஏன், சவ வீட்டில்கூட. இந்த நாட்டில் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தொழிற்கல்விக்குத்தான் போகிறார்கள். அவ்வளவு பேருக்கும் மூளை இல்லையா?

அந்த வசனம் எங்கே இருந்து வருகிறது என்று எனக்கு விளங்கும். எங்கட அப்பாமார் வந்திறங்கியபோது கிடைத்த கைவேலை, உணவகச் சமையலறையில் கோப்பை கழுவுவது. அதில் பழக ஒன்றும் இல்லை, மதிப்பும் இல்லை, முதுகுதான் போனது. பிள்ளைக்கும் அது வேண்டாம் என்று நினைப்பது நியாயம். ஆனால் நான்கு வருடம் சம்பளத்தோடு உட்கார்ந்து, மயிரளவு தடிப்புள்ள ஒரு சுருள்வில்லை எப்படிச் சரிசெய்வது என்று பழகுவதும் அதுவும் ஒன்றென்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விரும்பினால் பெரூஃப்ஸ்மத்தூரா எடுத்து மேலே படிக்கவும் வழி திறந்தே இருக்கு.

"பட்டறை எல்லாம் ஒருநாள் இழுத்து மூடுவாங்கள்" என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கு. குவார்ட்ஸ் வந்து அடித்த அடியில், 1970இல் கிட்டத்தட்ட 90,000 பேர் வேலை செய்த தொழில், 80களின் நடுப்பகுதியில் சுமார் 30,000க்கு இறங்கியது. ஆனாலும் இன்றைக்கு சுவிஸ் மணிக்கூட்டு ஏற்றுமதியின் பெறுமதியில் மிகப் பெரிய பங்கு, சாவி கொடுத்து ஓடுகிற பழைய இயந்திர மணிக்கூட்டுக்குத்தான். யூனிப் பட்டம் எடுத்தவருக்கு மட்டும் வேலை நிரந்தரம் என்று யார் எழுதிக் கொடுத்தது?

என் மச்சாளுக்கு 15 வயது. வீட்டில் நின்றுபோன மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி, பாகங்களை முட்டைப் பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பாள். மூன்றைத் திரும்ப ஓடவும் வைத்துவிட்டாள். கணக்கிலும் கெட்டிக்காரி, அதனால்தான் வீட்டில் இவ்வளவு பிரச்சினை. "கணக்கு வாற பிள்ளை காண்டிக்குப் போகாமல் மணிக்கூடு திருத்தப் போறதோ?" என்கிறார் மாமா. எக்ஸ்லின் அந்த 3 பாகத்துக்கு வந்து சேர்ந்ததே கணக்கு போட்டுத்தான், மாமா.

அவளாகவே கடிதம் எழுதி, ஒரு பட்டறையில் மூன்று நாள் ஷ்னுப்பர்லேரேக்கு இடம் எடுத்திருக்கிறாள். அடுத்த மாதம். பெற்றோர் ஒப்பம் வைக்க வேண்டிய தாள் கிழமைக்கணக்காகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தோடு தொங்குது. மாமா இன்னும் பேனை எடுக்கவில்லை.