மலைநாட்டு அடுப்பில் பிரெஞ்சுப் பாற்கிழங்கு

மார்கழியும் தையும் வந்துவிட்டால் நுவரெலியாவின் புல்வெளிகளில் சில அதிகாலைகளில் உறைபனி வெண்துகில் போல் படிந்து கிடக்கும். அட்டன், தலவாக்கலைப் பக்கங்களிலும் கம்பளியின்றி வெளியே தலைகாட்ட இயலாது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து வீடு திரும்பும் தாய்மார்க்கும், நெடுவழி நடந்து பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகட்கும் அவ்வேளையில் வேண்டுவது உடலைச் சூடேற்றி, வயிற்றையும் நிறைவிக்கும் உணவு. அத்தகைய உணவொன்றை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகின்றோம். அதன் பிறப்பிடம் பிரான்சு தேசம்.

“பிரெஞ்சு உணவா? அது துரைமார் பங்களாச் சமாசாரம் ஆயிற்றே!” என்று சகோதரிகளுட் சிலர் ஐயுறக் கூடும். அவ்வாறன்று. ஆல்ப்ஸ் மலையைச் சார்ந்த தோபினே என்னும் பிரதேசமே இதன் தாயகம். பாலும் உருளைக்கிழங்குமே மிகுந்திருந்த குளிர்நாட்டு மலைவாசிகளின் உணவு இது. ‘கிரத்தேன் தோபினுவா’ என்பது அதன் பெயர். 1788ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி காப் என்னும் நகரில், அப்பிரதேசத்தின் தளபதியான பிரபு ஒருவர் நகரசபை அதிகாரிகளுக்கு அளித்த விருந்தில் இது பரிமாறப்பட்டதென்பதே நமக்குக் கிடைக்கும் முதற் குறிப்பு. சமைத்த பாத்திரத்திலேயே மேசைக்கு வரும் ‘கசரோல்’ வகையைச் சேர்ந்தது இது.

‘கிரத்தேன்’ என்ற சொல்லுக்குச் ‘சுரண்டுதல்’ என்பதே வேர்ப்பொருள். பாத்திரத்தில் ஒட்டி முறுகிய பொன்னிறக் காந்தலைச் சுரண்டித் தின்பதில் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கும் பேராசை. சோற்றுப்பானையின் அடிக்காந்தலுக்குப் போட்டியிடும் நம் வீட்டுச் சிறுவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

உருளைக்கிழங்கிற்கும் நம் மலைக்கும் உள்ள உறவு நெடியது. 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஐரோப்பியக் கால்நடைகளையும் காய்கறிகளையும் கொணர்ந்து பண்ணை நடத்தினார். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் தேயிலை பயிரிடுமுன்னரே நிகழ்ந்தது இது. இன்று கந்தப்பளை, இராகலைப் பக்கங்களில் கிழங்கும் லீக்ஸும் கரட்டும் செழித்து விளைகின்றன. ஆயினும் அவை மூட்டையாகிக் கொழும்புக்கு லொறியேறுகின்றன. விளைவித்தவர் வீட்டிலோ பல நாட்களில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீருமே உணவாகின்றன. ஆகவேதான் இம்மலையில் விளைவதைக் கொண்டே ஆக்கக்கூடிய பண்டத்தைத் தேர்ந்தோம்.

வேண்டிய பொருள்கள் (ஐவருக்கு): உருளைக்கிழங்கு 1 கிலோ, காய்ச்சி ஆறிய பசும்பால் 600 மில்லிலீற்றர், லீக்ஸ் 1, வெள்ளைப்பூண்டு 4 பல், வெண்ணெய் அல்லது மாஜரின் 2 மேசைக்கரண்டி, கோதுமை மா 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, சாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை, பழைய பாணை உலர்த்தி நொறுக்கிய தூள் ஒரு கைப்பிடி, உப்பு அளவாக. பசும்பால் கிட்டாதவிடத்து எட்டு மேசைக்கரண்டி பால்மாவை அதே அளவு நீரிற் கரைத்துக்கொள்க.

செய்முறை: கிழங்கை முதலிற் கழுவித் தோல் நீக்கி, ஒரு ரூபாய்க் குற்றியின் கனத்தில் வட்டமாக அரிக. பச்சை நிறம் படர்ந்த பகுதியையும் முளைகளையும் அகற்றிவிட வேண்டும். அவற்றில் நச்சுத்தன்மை உண்டு. அரிந்த பின் கழுவலாகாது. கிழங்கிலுள்ள மாச்சத்தே பாலைக் கெட்டியாக்குவது; கழுவினால் அது நீரோடு போய்விடும்.

அகன்ற, அடிகனமான சட்டியில் வெண்ணெயை உருக்கி, பூண்டையும் லீக்ஸையும் வதக்கி எடுத்து வைக்கவும். கிழங்கு வட்டங்களை அதே சட்டியில் வரிசை வரிசையாக அடுக்கி, இடையிடையே வதக்கியதையும் உப்பையும் மிளகையும் தூவுக. கோதுமை மாவைச் சிறிது ஆறிய பாலிற் கரைத்து, எஞ்சிய பாலுடனும் சாதிக்காயுடனும் கலந்து கிழங்கின்மேல் ஊற்றவும். மா சேர்ப்பதால் பால் திரியாது. பின்னர் மூடி, மெல்லிய சூட்டில் கிளறாமல் வேகவிடுக. மிலாறு எரியும் அடுப்பாயின், சுவாலை தணிந்து தணலான பின்னரே சட்டியை ஏற்றுதல் நலம். காஸ் அடுப்பாயின், சட்டிக்கு அடியில் ரொட்டிக்கல்லை வைத்தால் அடிப்பிடிக்காது.

இங்கு மாணவச் செல்வங்கள் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கடல்மட்டத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். ஆதலால் கொழும்பில் 40 நிமிடத்தில் வேகும் கிழங்கிற்கு இங்கே 50 நிமிடமாவது வேண்டும். ஈர்க்கு இலகுவாக உள்ளே இறங்கினால் வெந்துவிட்டதென அறிக.

இறுதியில் பாண் தூளைத் தூவி, ரொட்டிக்கல்லையே சட்டிக்கு மூடியாக்கி, அதன்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பிப் பதினைந்து நிமிடம் விட்டால் மேற்புறம் பொன்னிறமாகும். போறணை இல்லாத குறை இவ்வாறு நீங்கும். தணல் எரியும் அறையில் கதவையும் சாளரத்தையும் திறந்து வைத்தல் அவசியம். அதன் புகை கண்ணுக்குத் தெரியாமலே உயிரைப் பறிக்கவல்லது. சட்டியை இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறுக.

இவ்வளவும் நாக்கின் சுவைக்காக மட்டும் கூறியதன்று. 2016ஆம் ஆண்டின் அரசாங்கக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்குப் பதினெழுவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறங்களிலோ அத்தொகை முப்பத்தொன்றைக் கடந்தது. போதாத கூலியால் விளையும் இக்குறை ஒரு சமையற் குறிப்பினால் தீர்ந்துவிடுமென நாம் சொல்ல வரவில்லை. கூலி உயர்வதும் பாற்பொருளின் விலை தணிவதும் நம் அடுக்களைக்குள் தீர்மானமாகும் காரியங்களல்ல.

எனினும் நம் கைக்குள் அடங்கிய காரியம் ஒன்றுண்டு. மாடு வளர்க்கும் வீடுகளிற்கூடக் கறந்த பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்திற்குச் செல்ல, பிள்ளைகள் வெறுந் தேநீர் அருந்திப் பள்ளி செல்வதைப் பல இடங்களில் காண்கின்றோம். வாரத்தில் ஒரு நாளேனும் ஒரு போத்தல் பாலை வீட்டிற்கென நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பனைக்கு ஆகாத சிறு கிழங்குகளே இப்பண்டத்திற்குப் போதும். வரும் ஞாயிறன்று செய்து பாருங்கள். சட்டியைச் சுரண்டும் உரிமையை வீட்டின் கடைக்குட்டிக்கு அளியுங்கள்.