முள்ளின் அபிப்பிராயம்

எங்கள் ஆபீஸில் சின்னக் கார் வைத்திருப்பவர்கள் ஏழு பேர். பெட்ரோல் முள்ளைப் பற்றி அவர்களிடம் ஏழு சித்தாந்தங்கள் இருக்கின்றன. அக்கவுண்ட்ஸ்காரர், "முள் 'ஈ'யைத் தொட்டப்புறமும் சமயபுரம் போய் ஆத்தாளைப் பார்த்துட்டு வந்துடலாம் ஸார்" என்பார். பக்கத்து மேஜைக்காரருக்கு ஃபுல் டாங்க் போட்டால் தஞ்சாவூர் வரும்வரை முள் அசையாது. அசைய ஆரம்பித்தால் மாசக் கடைசியில் பாங்க் பாலன்ஸ் இறங்குகிற மாதிரி இறங்கும். இன்னொருவர் டாஷ்போர்டை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் முள்ளைப் பார்ப்பார், அந்தக் கால வால்வு ரேடியோவைத் தட்டின மாதிரி.

கடிகார முள்ளுக்கு யாரும் இப்படி விளக்கம் சொல்வதில்லை. பெட்ரோல் முள்ளுக்கு மட்டும் ஸ்ரீரங்கத்தில் பிரபந்தத்துக்கு எழுதின மாதிரி வியாக்கியானம் தேவைப்படுகிறது. ஏன்?

வீட்டில் ஃப்ளஷ் டாங்கின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். கார் டாங்கிலும் அதேதான். ஒரே வித்தியாசம், கம்பியின் மறுமுனை வால்வை மூடாமல் ஒரு மின்தடைப் பட்டையின்மேல் உரசிக்கொண்டு நகர்கிறது. தடை கூடினால் கரண்ட் குறையும், குறைந்தால் கூடும். டாஷ்போர்டில் முள் ஆடுவது இதற்குத்தான். ஆகவே முள் லிட்டரை அளப்பதே இல்லை. மிதவை எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதை லிட்டர் என்று எடுத்துக்கொள்வது நாம்.

டாங்க் ஒரு சதுர டப்பாவாக இருந்தால் இதில் வம்பில்லை. ஆனால் சின்னக் காரில் டாங்குக்கு என்று யார் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள்? பின் சீட்டுக்கு அடியில், சைலன்ஸர் பைப்புக்கு ஒதுங்கி, அச்சுக்கு வளைந்து, மீந்த இடத்தில் திணிக்கப்பட்ட ஒரு வஸ்து அது. மேலே அகலம், கீழே குறுகல். எனவே மேல் பாதியில் முள் ஓர் அங்குலம் இறங்க எட்டு லிட்டர் ஆகிற காரில் கீழ்ப் பாதியில் அதே ஓர் அங்குலத்துக்கு ஐந்தே லிட்டர் போதும். பக்கத்து மேஜைக்காரரின் தஞ்சாவூர் ரகசியமும் ஏறக்குறைய இதுதான். டாங்க் நிரம்பியிருக்கும்போது மிதவை கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும். முதல் சில லிட்டர் காலியானது அதற்குத் தெரியவே தெரியாது.

போதாததற்கு, பெட்ரோல் குலுங்குகிறபோது முள் பரதநாட்டியம் ஆடக்கூடாதென்று வேண்டுமென்றே அதை மந்தமாக வேறு செய்துவைக்கிறார்கள். 'ஈ'யைத் தொட்டபின்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி அமைப்பதும் வேண்டுமென்றேதான். அக்கவுண்ட்ஸ்காரரின் சமயபுரம் அந்த மிச்சத்தில்தான் ஓடுகிறது.

டாங்க் சின்னதாக ஆக ஆகப் பிசகு பெரிதாகத் தெரியும். 2009-ல் வந்த டாடா நானோவுக்கு முதலில் டாங்க் 15 லிட்டர்தான். அதில் இரண்டு லிட்டர் தப்பினால் ஏழில் ஒரு பங்கு போச்சு.

இதெல்லாம் காண்டீனில் பேசும்வரை தமாஷாகத்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு இருக்காது.

2019 மார்கழி. நான் என் செகண்ட்ஹாண்ட் காரை வாங்கி மூன்று வாரம். (எந்த கம்பெனி என்பது வேண்டாம், பாவம்.) உத்திர வீதியில் எங்கள் மாடிப் போர்ஷன் மாமி வந்து கதவைத் தட்டினார். மாமாவுக்கு மார் வலி. வேஷ்டி நனைகிற அளவுக்கு வியர்த்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. "ஒண்ணுமில்லேடா, கேஸ்தான். ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்றவரை அணைத்துப் பிடித்துப் பின் சீட்டில் உட்காரவைத்தேன். ஸ்டார்ட் செய்தபோது முள் கால் டாங்கில் இருந்தது. 35 லிட்டர் டாங்கில் கால் என்றால் எட்டரை லிட்டருக்குமேல். தில்லைநகர் ஆஸ்பத்திரிக்கு அரை லிட்டர் போதும்.

அம்மா மண்டபம் ரோடு, மாம்பழச் சாலை, காவிரிப் பாலம். பாலத்தின் நடுவில் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. முள் கால் டாங்கிலேயே சாந்தமாக நிற்கிறது. கீழே காவிரி. பின்னால் மாமா மூச்சு விடுகிற சத்தம். மாமி ஒன்றும் பேசவில்லை, அவர் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

108-க்குப் போன் போட்டேன். எதிர்முனையில் இடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கும்போதே காந்தி மார்க்கெட்டுக்கு வாழை இலைக்கட்டு ஏற்றிய ஒரு மினி லாரி பின்னால் வந்து நின்றது. டிரைவர் விவரம் எதுவும் கேட்கவில்லை. காருக்குள் எட்டிப் பார்த்தார். "பெரியவரை அந்தப் பக்கம் பிடிங்க தம்பி" என்றார். கிளீனர் பையன் தானாக இறங்கி இலைக்கட்டுமேல் ஏறிக்கொண்டான். பத்து நிமிஷத்தில் மாமா காஷுவாலிட்டியில். நான் பர்ஸை எடுப்பதற்குள் "மார்க்கெட்டுக்கு லேட்டாச்சு" என்று லாரி கிளம்பிவிட்டது. நம்பரைக்கூடப் பார்த்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

காரைக் கட்டி இழுத்துப் பாலக்கரை மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்து அடியைக் காட்டினார். எனக்கு முன்னால் வைத்திருந்த மகானுபாவர் ஏதோ ஒரு கல்லில் ஏற்றி இறக்கியிருக்கிறார். வெளியே பார்த்தால் பள்ளம், டாங்குக்கு உள்ளே அதுவே மேடு. சரியாக அந்த மேட்டின்மேல் வந்து மிதவை உட்கார்ந்துகொள்கிறது. பெட்ரோல் அதற்குக் கீழே இறங்கினாலும் மிதவை இறங்க வழியில்லை.

"முள்ளு பொய் சொல்லலை சார். மிதவை எங்க இருக்கோ அதைத்தான் சொல்லிச்சு. மிதவைதான் பெட்ரோல் மேல இல்லை" என்றார் மெக்கானிக். எத்தனையோ டெக்னிகல் புத்தகங்களைவிடத் தெளிவான வாக்கியம்.

இது அபூர்வமான வியாதி. வழக்கமான வியாதிகள் வேறு. மின்தடைப் பட்டை உரசி உரசித் தேய்ந்துவிட்டால் முள் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திடீரென்று விழுந்து மறுபடி எழும். மிதவையில் ஓட்டை விழுந்தால் அது மூழ்கி, ஃபுல் டாங்கிலும் 'காலி' என்று புலம்பும். எர்த் வயர் துருப்பிடிப்பதுதான் விசேஷம். சில கம்பெனிகள் காலி டாங்குக்கு அதிகத் தடை என்று வைத்திருக்கின்றன, சில கம்பெனிகள் நேர் எதிர். ஆகவே வயர் அறுந்தால் ஒரு காரில் முள் படுத்துவிடும், இன்னொரு காரில் ஜம்மென்று 'ஃபுல்' காட்டும். முதல் ரகம் பயமுறுத்தும், இரண்டாவது ரகம் பாலத்தில் நிறுத்தும். முள் அசையாமல் நின்றாலோ குதித்தாலோ முதலில் எர்த் வயரைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் மீட்டரையே மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

முள்ளே இல்லாத காலமும் இருந்தது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன் சீட்டைத் தூக்கி, டாங்கில் ஒரு மரக்குச்சியை விட்டு நனைந்த உயரம் பார்ப்பார்கள். அதில் பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இன்ஜினுக்கு வடிய வேண்டும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேடு வந்துவிட்டால் காரைத் திருப்பி ரிவர்ஸிலேயே ஏற்றினார்கள்! ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960-களின் ஆரம்பம் வரை முள் இல்லை, காலடியில் ஒரு ரிசர்வ் திருகி மட்டும்தான். நம் அப்பாக்களின் ஸ்கூட்டரில் இருந்ததும் அதுதான். வண்டி திணறினால் குனிந்து ரிசர்வுக்குத் திருப்பு. அது அபிப்பிராயம் இல்லை, ஒதுக்கி வைத்த நிஜமான பெட்ரோல். முள் வந்தது, ரிசர்வ் குமிழ் போயிற்று. இதை முன்னேற்றம் என்கிறார்கள்.

கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். ஆகாயத்தில் நின்றால்?

1983 ஜூலை 23. கனடாவில் ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767. எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை, காரணம் சரியாகப் பற்றவைக்காத ஒரு சால்டரிங். சரி, குச்சி விட்டு அளந்துவிடலாம் என்று அளந்தார்கள். குச்சி லிட்டர் சொல்லும், விமானத்துக்கு வேண்டியது எடை, 22,300 கிலோ. அந்த எரிபொருள் ஒரு லிட்டர் 0.8 கிலோ, அல்லது 1.77 பவுண்டு. கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் 1.77-ஆல் பெருக்கி வந்த விடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக, வேண்டியதில் பாதிகூட இல்லை. 41,000 அடி உயரத்தில் இரண்டு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காப்டன் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். அவ்வளவு பெரிய விமானத்தை மிதக்கவிட்டே கொண்டுவந்து, கிம்லி என்ற ஊரில் விமானப்படை கைவிட்ட ஓடுபாதையில் இறக்கினார். அங்கே அன்று கார் ரேஸ் நடந்துகொண்டிருந்தது. விமானத்திலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சியைத் திருச்சிக்காரர்கள் 2024 அக்டோபர் 11 சாயங்காலம் பார்த்தோம். ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. டாங்க் நிறைய எரிபொருளோடு இறங்குவது ஆபத்து என்பதால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வானத்தைச் சுற்றிச் சுற்றித் தீர்த்தார்கள். உள்ளே 141 பயணிகள். முள் சீக்கிரம் இறங்க வேண்டுமே என்று ஒரு ஊரே வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். பத்திரமாக இறங்கியது.

நம் சின்னக் கார் விஷயத்துக்கு வருவோம். முள் செய்கிற இன்னொரு விஷமம், பங்க்கில் சண்டை மூட்டிவிடுவது. "ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், முள் அசையவே இல்லை, அளவில் ஏமாத்தறான்" என்று கிளம்புகிறோம். லிட்டர் நூறு ரூபாயை 2021-லேயே தாண்டியாயிற்று. ஐந்நூறுக்கு ஐந்து லிட்டருக்கும் குறைவு, மந்தமான முள் அதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரமாகும். நிஜமாகவே சந்தேகம் என்றால் முள்ளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை குத்திய ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் கண்ணெதிரே அளந்து காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிவரை பிசகலாம், அதற்குமேல் போனால் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன்.

முள்ளைவிட நம்பகமான சாமான் அதன் பக்கத்திலேயே சும்மா கிடக்கிறது, டிரிப் மீட்டர். டாங்கை நாஸில் தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி அதைப் பூஜ்யமாக்குங்கள். ஓட்டுங்கள். அடுத்த தடவையும் அதே மாதிரி கட் ஆகும்வரை நிரப்புங்கள். 320 கிலோமீட்டர் ஓடி 20 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16. மூன்று தரம் பார்த்துச் சராசரி எடுத்தால் உங்கள் கார், உங்கள் ரோடு, உங்கள் கால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு கணக்கு கிடைத்துவிடும். என் 35 லிட்டரில் அடி ஐந்தை மறந்துவிட்டால் 480 கிலோமீட்டர் வருகிறது, நான் 400-லேயே பங்க்குக்குள் நுழைந்துவிடுகிறேன். அடி லிட்டர்களைத் தொடாததற்கு வேறு காரணமும் உண்டு. இப்போதைய பெட்ரோல் கார்களில் மின்சாரப் பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. அடிக்கடி வறளவிட்டால் பம்ப்பின் ஆயுள் குறையும், புது பம்ப் விலை கேட்டால் நம் ஆயுளும்.

புதிய கார்களில் 'இன்னும் 62 கிலோமீட்டர் போகலாம்' என்று எழுத்திலேயே வருகிறதே என்பீர்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் நிலவரம் சொல்வது பெரும்பாலும் இதே மிதவைதான். அதைச் சமீபத்து மைலேஜோடு பெருக்கிச் சொல்கிறது. மிதவை மேட்டில் உட்கார்ந்தால் கம்ப்யூட்டரும் கூடவே உட்கார்ந்துகொள்ளும்.

மாமா இன்றும் செக்கப்புக்கு என் காரில்தான் வருகிறார். ஏறினதும் முள்ளைப் பார்ப்பதில்லை. "போட்டு எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" என்று மட்டும் கேட்பார். சொன்னால் மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு பெல்ட் போட்டுக்கொள்வார்.

முள்ளை இவ்வளவு திட்டினதற்குப் பரிகாரமாக அதன் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. மீட்டரில் பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? டாங்க் மூடி காரின் எந்தப் பக்கம் என்று காட்டுவது அது. 1986-ல் ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜிம் மோய்லன் என்பவர், ஆபீஸ் காரைத் தப்பான பக்கம் நிறுத்தி மழையில் நனைந்துவிட்டு, உடை காய்வதற்குள் உட்கார்ந்து யோசனையை எழுதிக் கொடுத்தார். அதற்கு மிதவை கிடையாது, வயர் கிடையாது, எர்த் கிடையாது. இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள்.