பிரேக் இல்லாத புல்வெட்டியும் சில புத்திசாலிகளும்

ரைடிங் மோவர் தெரியும்தானே? அமெரிக்காவில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியவர்கள் சனிக்கிழமை காலையில் குட்டி டிராக்டர் மாதிரி ஒன்றில் ஏறி உட்கார்ந்து புல்லை வெட்டிக்கொண்டு போவார்களே, அதுதான். இந்த வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிதானே? பெடல்ல இருந்து காலை எடுத்தா தானா நின்னுரும். இதுக்கு எதுக்குங்க பிரேக்?" என்று திருப்பிக் கேட்பார்கள். நான் குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் ரிப்பேர் கடைக்காரரே இப்படித்தான் சொல்லி அனுப்பினார். பிளேடைத் தீட்டி, ஆயில் மாற்றி, பில்லும் போட்டுவிட்டு, பிரேக்கை மட்டும் தொடவே இல்லை. கேட்டால் "அது பார்க்கிங் பிரேக்தான்" என்று ஒரு சமாதானம். வீடு இருப்பதோ சரிவில்!

இந்த "தேவையில்லை" வாதத்தைத்தான் கொஞ்சம் பிரித்து மேயலாம் என்று இருக்கிறேன்.

ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனில் ஒரு பம்ப், ஒரு மோட்டார், இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி ஓடும் எண்ணெய். பம்புக்குள் இருக்கும் தட்டு சாய்ந்தால் எண்ணெய் ஓடும், வண்டி நகரும். காலை எடுத்தால் தட்டு நேராகிவிடும், எண்ணெய் ஓட வழியில்லாமல் வண்டி நிற்கும். புது வண்டியில், சமதரையில், இது அருமையாக வேலை செய்யும். மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் ஓடித் தேய்ந்த பம்பில் எண்ணெய் இடுக்குகள் வழியாகக் கசியும். சூடான எண்ணெய் இளகி இன்னும் அதிகமாகக் கசியும். சரிவில் நிறுத்திய வண்டி மெல்ல மெல்ல ஊர்ந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். அடுத்து பெல்ட். இன்ஜினிலிருந்து பம்பைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தாலோ கழன்றாலோ பம்புக்குச் சக்தி போச்சு, அந்த எண்ணெய்ச் சுற்றில் அழுத்தத்தைக் காப்பாற்றவும் ஆளில்லை. இது என் கற்பனை அல்ல. சாவர்-டான்ஃபாஸ் போல இந்த டிரான்ஸ்மிஷன்களைச் செய்த கம்பெனிகளே, சக்தி போனால் ஹைட்ரோஸ்டாட்டிக் பிரேக்கும் போகலாம், அதனால் தனியாக ஒரு பிரேக் கட்டாயம் வேண்டும் என்று தங்கள் கையேடுகளில் எச்சரித்திருக்கிறார்கள். செய்தவனே வேண்டும் என்கிறான், ரிப்பேர் பார்ப்பவர் வேண்டாம் என்கிறார். என்னத்த சொல்ல!

பழைய கியர் வண்டியில் கதை இன்னும் மோசம். அதில் கிளட்சும் பிரேக்கும் ஒரே பெடல். மிதித்தால் முதலில் பெல்ட் தளர்ந்து இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறும், அப்புறம் பிரேக் பிடிக்கும். பிரேக் செத்துப்போயிருந்தால்? பதறிப்போய் மிதிக்கிறீர்கள், வண்டியைப் பிடித்துவைத்திருந்த இன்ஜினும் விலகிக்கொள்கிறது, வண்டி இன்னும் வேகமாக இறங்குகிறது.

கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்கின்றன. 15 டிகிரி என்றால் 10 அடிக்கு இரண்டரை அடிக்கும் சற்று மேல் ஏற்றம். வண்டியும் ஆளுமாக 280 கிலோ என்று வையுங்கள், அந்தச் சரிவில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை 72 கிலோவுக்குச் சமம். இதை நிறுத்தப்போவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்பு டிஸ்க்கும் இரண்டு சின்ன பேடுகளும். டிஸ்க் சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்மிஷனுக்குள் போகும் தண்டில் இருப்பதால் கியர் அதன் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது, அதனால்தான் இவ்வளவு சின்னது போதுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. நடுவே டிஃபரன்ஷியல் இருப்பதால், ஈரப்புல்லில் ஒரு பின்சக்கரம் வழுக்கினால் மறுசக்கரத்திலும் பிடி குறைந்துவிடும். நன்றாக இருக்கும் பிரேக்குக்கே இந்த நிலைமை என்றால், அரைகுறை பிரேக்கைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சமாதானம், "பிரேக் மிதிச்சாத்தானே ஸ்டார்ட் ஆகுது, அப்போ பிரேக் நல்லாத்தான் இருக்கு." ஐயா, அந்த சுவிட்சுக்குத் தெரிந்தது பெடல் கீழே போனது மட்டும்தான். பேடு டிஸ்க்கைத் தொட்டதா என்று அதற்கு எப்படித் தெரியும்? சில புத்திசாலிகள் அந்த சுவிட்சையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுக்கெல்லாம் கும்பிடு :-)

இத்தனைக்கும் பல மாடல்களில் இது அரை மணி வேலை. சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள் (பழுதான பார்க்கிங் பிரேக்கை நம்பி வண்டிக்கு அடியில் கை விடாதீர்கள்!). டிரான்ஸ்மிஷன் பக்கத்தில் பிரேக் ஆர்ம் இருக்கும். முதலில் அது தாராளமாக அசைகிறதா பாருங்கள். ஈரப்புல் ஒட்டி ஒட்டித் துருவேறி இறுகிப்போவதுதான் பெரும்பாலும் நோய். டிஸ்க்கும் தண்டில் பக்கவாட்டில் நகர வேண்டும். துருவில் ஒட்டிக்கொண்டால் ஒரு பேடு மட்டும்தான் உழைக்கும். எண்ணெய் பட்ட பேடைத் துடைத்துப் போட்டுப் புண்ணியமில்லை, கசிகிற சீலைச் சரிசெய்து பேடை மாற்றுங்கள். அப்புறம் இடைவெளி. ஃபீலர் கேஜை விட்டு நட்டைத் திருகிச் சரிசெய்வது. எண் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளுக்கு 0.015 அங்குலத்தை ஒட்டி, அதாவது நாலு காகிதத் தடிமன்.

வேலை முடிந்ததும் கட்டைகளை எடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளுவதற்கென்று இருக்கும் பைபாஸ் லீவரை இழுத்துப் பாருங்கள். பிரேக் விட்டால் தள்ள வர வேண்டும், போட்டால் பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். ஐந்து நிமிஷம் பிடிக்காத சோதனை, கடையில் அதைக்கூடச் செய்யவில்லை.

கடைக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. நடந்து தள்ளும் மோவரில் கைப்பிடியை விட்டால் மூன்று வினாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1982-லேயே சட்டமாக்கிவிட்டது. உட்கார்ந்து ஓட்டும், அதைவிடப் பல மடங்கு கனமான வண்டிக்கு அப்படிக் கட்டாய விதி கிடையாது. தொழில்துறை தானாக முன்வந்து ஏற்கும் ஏஎன்எஸ்ஐ தர அளவுகள்தான். ரைடிங் மோவர்களால் ஆண்டுக்குச் சுமார் 75 பேர் இறக்கிறார்கள், ஐந்தில் ஒரு சாவு குழந்தை தொடர்பானது என்று பழைய துண்டறிக்கை ஒன்றில் எழுதியதும் இதே ஆணையம்தான். அந்த 75-ல் பிரேக்கால் எத்தனை என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை. வண்டி செய்கிறவர்களோ பிரேக் ஆர்மைப் பின்சக்கரத்துக்குப் பின்னால், புல்லும் சேறும் அப்பும் இடத்தில் ஒளித்துவைக்கிறார்கள். ஆயில் மாற்ற இத்தனை மணி நேரம் என்று ஸ்டிக்கர் ஒட்டத் தெரிகிறது. "வருஷம் ஒருமுறை பிரேக் பார்" என்று பெடலுக்குப் பக்கத்தில் ஒரு வரி ஒட்ட என்ன செலவாகிவிடும்?