பந்து உதைத்தால் பிழைக்க முடியுமா?

மாலை நேரம். செங்கத்தில் ஒரு பையன் பந்து உதைத்துவிட்டுப் புழுதிக் காலோடு வீடு திரும்புகிறான். “இது நாளைக்குச் சோறு போடுமா?” என்று தாய் கேட்கிறாள். நியாயமான கேள்வி!

கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியாவின் கதை இதற்கு விடை சொல்லும்.

மலைநாட்டுப் பையன்

ஜவ்வாது மலையைப் போலவே சிக்கிமும் மலைநாடு. அங்கே டிங்கிடாம் என்ற சிற்றூரில் 1976-ல் பிறந்தவர் பூட்டியா. 1999-ல் அவர் இங்கிலாந்து சென்று, பெரி என்ற ஊரின் அணியில் சேர்ந்தார்.

அங்கே அணிகள் ஏணிப்படி போல அமைந்துள்ளன. வென்றால் மேலே ஏறலாம்; தோற்றால் கீழே இறங்க வேண்டும். பெரி இருந்தது மூன்றாம் படி. கீழ்ப்படியில் ஆடினாலும் சம்பளம் உண்டு! லீக்கில் 37 ஆட்டங்களில் பூட்டியா போட்டது 3 கோல்.

கடன் வந்தது

2002-ல் அணி பணமுடையில் சிக்கியது. பூட்டியா நாடு திரும்பினார். 2003-ல் ஈஸ்ட் பெங்கால் அணி ஆசியான் கோப்பையை வெல்லக் கோல் மழை பொழிந்தார். 2008-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

1885-ல் தோன்றிய பெரி அணியோ, பணநெருக்கடியால் 2019-ல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது!

நம் நாட்டில்

2025-ல் இந்தியன் சூப்பர் லீக் உரிய காலத்தில் தொடங்கவில்லை. லீக்கை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததே காரணம். சில அணிகள் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. வீரர்கள் தவித்தார்கள்.

ஆக, பந்து சோறு போடும். ஆனால் திறமை மட்டும் போதாது. அணியும் நிலைக்க வேண்டும். அணி சாய்ந்தால் வீரனின் அடுப்பும் அணைந்துவிடும்.

பையனைத் தடுக்க வேண்டாம். பந்தும் உதைக்கட்டும், பாடமும் படிக்கட்டும்!