எரர் கோடைப் பார்த்துப் பார்ட்டை மாற்றாதீர்கள்!

சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்குகிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சரியாகிவிடுகிறதா? டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கும் எரிகிறதா? உடனே பலரும் ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, மொபைலில் எரர் கோடைப் படித்துவிடுகிறார்கள். இது நல்ல பழக்கம்தான். ஆனால் கோடில் வந்த பெயரைப் பார்த்துப் பார்ட்டை மாற்றுவது, பணத்தை வீணாக்கும் வழி என்பது என் கருத்து.

ஓபிடி-2 என்னும் இந்த ஏற்பாடு அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்தும், இந்தியாவில் 2013 ஏப்ரலில் இருந்தும் கட்டாயமானது. புகை மாசைக் கட்டுப்படுத்துவதே இதன் நோக்கம். எந்த அளவீடு எல்லை மீறியது என்பதைத்தான் என்ஜின் கம்ப்யூட்டர் பதிவு செய்கிறது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும். விண்டோஸில் மெமரியைப் படிக்க முடியவில்லை என்று மெசேஜ் வந்தால், உடனே புது ராம் வாங்கவா ஓடுகிறோம்?

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்குத் தேவையானதை விடக் காற்று அதிகம் என்று பொருள். இதைக் கண்டுபிடித்துச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். பாவம், பல இடங்களில் முதலில் கழற்றப்படுவதும் அதுதான்! உண்மையான காரணம், விரிசல் விட்ட ஒரு சாதாரண ரப்பர் வேக்குவம் ஹோஸாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க அதே ஆப்பில் லைவ் டேட்டா பகுதிக்குச் செல்லுங்கள். என்ஜின் சூடான பின், ஃப்யூவல் ட்ரிம் அளவை ஐடிலிங்கிலும், 2500 ஆர்.பி.எம்.மிலும் பாருங்கள். காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் மூலம் அளக்கும் கார்களில், ஐடிலிங்கில் 10 சதவீதத்திற்கு மேல் ஏறி நின்று, வேகம் கூட்டினால் பூஜ்யத்தை நெருங்கினால், காற்றுக் கசிவைத் தேடுங்கள். மாறாக, வேகம் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். சிலிண்டருக்கு ஒரு இக்னிஷன் காயில் உள்ள கார் என்றால், என்ஜினை அணைத்து, முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். அடுத்த முறை கோட் பி0302 என மாறினால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, நாங்கள் புரோகிராமில் பிழை தேடும் அதே முறைதான்.

இன்னொன்று. ஆப்பில் உள்ள கிளியர் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பிழை நேர்ந்த தருணத்தின் ஆர்.பி.எம்., வெப்பம், லோடு ஆகியவை ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். கிளியர் செய்தால் அதுவும் அழிந்துவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் சோதனைக்கெல்லாம் காத்திருக்காமல், வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே பாழாக்கிவிடும்.

சர்வீஸ் சென்டரில் பார்ட்டை மாற்ற வேண்டும் என்றால், "எந்த டெஸ்ட்டில் அது பழுது என்று தெரிந்தது?" என்று கேளுங்கள். கோட் வந்தது என்பது மட்டுமே பதிலாக இருந்தால், பர்ஸைத் திறக்காதீர்கள்.