ஒளியாண்டும் மொட்டை மாடியும்

ஒளியாண்டு என்றால் என்னவென்று கேட்டால், "ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவு" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்போம். அடுத்த வினாவிலேயே அதைக் கால அளவாக எண்ணி மதிப்பெண்ணை இழப்போம்! நாம் படித்தது வினா விடைப் புத்தகத்தை, வானத்தை அன்று.

ரோகிணியைப் பஞ்சாங்கத்தில் அறிவோம். மார்கழி மாத முன்னிரவில் கிழக்கு வானில் செந்நிறமாய் ஒளிரும் அந்த விண்மீன் ஏறத்தாழ 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, நம் பாட்டிமார் பள்ளி சென்ற நாட்களில் அங்கிருந்து புறப்பட்டது. ஒருமுறை அதை அண்ணாந்து பார்த்தவளுக்கு ஒளியாண்டின் பொருள் மறக்குமா?

"இருட்டிய பின் பெண் பிள்ளைக்கு மாடியில் என்ன வேலை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். (தம்பியை யாரும் கேட்பதில்லை!) கரோலின் ஹெர்ஷல் என்னும் பெண்மணி இங்கிலாந்தில் இரவெல்லாம் வானை நோக்கி, 1786-ஆம் ஆண்டிலேயே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார்.

ஆகவே பருவத்திற்கு ஓர் இரவேனும் பள்ளி மாடியை எங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாய்களை நாங்களே கொண்டு வருகிறோம்.